இலவச நேரமும் விலைக்கு வாங்கிய நேரமும்
அமெரிக்கச் சிண்டிகேஷன் முறையும் திருச்சபைகளும்

நம் சபைகளில் விடியற்காலையில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து பிரசங்கம் கேட்போர் பலர். ஞாயிறு ஆராதனைக்கு வருமுன்னரே இரண்டு பிரசங்கங்களைக் கேட்டுவிட்டு வருவோரும் உண்டு. ஆயர்கள் கூடுமிடங்களில் இதுபற்றிப் பேச்சு எழும்போது, அது பெரும்பாலும் அப்பிரசங்கியாரின் உபதேசம், உடை, காணிக்கை வேண்டுகோள் ஆகியவற்றைச் சுற்றியே சென்று முடிகிறது. ஓர் ஊரில் ஓர் அறையில் பதிவான பேச்சு எவ்வாறு நூறு ஊர்களைச் சென்றடைகிறது, அந்த நேரம் யாருக்குச் சொந்தமானது, அதற்கு விலை கொடுத்தவர் யார் என்னும் வினாக்களை நாம் எழுப்புவதில்லை. இவ்வினாக்களுக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. அது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தொடங்கிய வரலாறு. அதில் அந்நாட்டுத் திருச்சபைகள் கொண்ட பங்கு, இறையியல் மாணவர் அறிந்திருக்க வேண்டியதென்று நாம் கருதுகிறோம். ஆகவே அதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

முதலில் சொற்பொருள். ஒரு நிகழ்ச்சியை ஒருவர் தயாரித்து, அதைத் தனித்தனி நிலையங்களுக்கு, அவற்றுக்கிடையே வேறு எத்தொடர்பும் இல்லாத நிலையிலும், ஊர் ஊராக ஒளிபரப்பு உரிமை வழங்கி விற்கும் முறையே சிண்டிகேஷன் எனப்படுவது. இதற்கு எதிரான முறை நெட்வொர்க். நெட்வொர்க் என்பது நியூயார்க் போன்ற ஒரு தலைமையிடத்திலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாகப் பல நிலையங்களுக்கு ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியை அனுப்புவது. ஏரிநீர் வாய்க்கால் வழியே வயல்களுக்குப் பாய்வதைப் போன்றது அது. சிண்டிகேஷனோ அந்நீரைக் குடத்தில் மொண்டு வீடு வீடாக விற்பதைப் போன்றது. வாய்க்கால் உள்ளவன் மதகைத் திறந்தால்தான் வயலுக்கு நீர். குடத்தைச் சுமப்பவனுக்கோ மதகு வேண்டியதில்லை. வாங்குவோர் இருந்தால் போதும். இவ்வேறுபாட்டை நினைவில் வைத்தால் பின்வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

அமெரிக்காவில் என்.பி.சி. 1926-இலும் சி.பி.எஸ். 1927-இலும் நெட்வொர்க்குகளாகத் தோன்றின. அவற்றின் அலைவரிசையில் ஏறக்குறைய எல்லாமே நேரடி ஒலிபரப்பாக இருந்தன. பதிவு செய்த நிகழ்ச்சியை அந்நிறுவனங்கள் இழிவாகவே கருதின. இதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று கூறப்பட்டது. ஒலித்தட்டின் ஒலி தரம் குறைந்தது என்பது அது. ஆயினும் வேறொரு காரணமும் இருந்தது. நிகழ்ச்சியைத் தட்டில் பதிவு செய்து தபாலில் அனுப்பலாமென்றால், கம்பி வைத்திருப்பவனுக்கு என்ன பெருமை?

சிகாகோ நகரில் ஃப்ரீமன் காஸ்டன், சார்ல்ஸ் கரல் என்னும் இருவர் 1926 முதல் டபிள்யூ.ஜி.என். நிலையத்தில் ஒரு நகைச்சுவைத் தொடரை நடத்திவந்தனர். அதைத் தட்டுகளில் பதிந்து பிற ஊர் நிலையங்களுக்கு விற்க அவர்கள் விரும்பினர், நிலையம் இசையவில்லை. ஆகவே 1928 மார்ச் மாதத்தில் அவ்விருவரும் டபிள்யூ.எம்.ஏ.க்யூ. நிலையத்துக்கு மாறி, ‘ஏமஸ் அண்டு ஆண்டி’ என்னும் புதிய தொடரைத் தொடங்கினர். ஒவ்வொரு நாள் நிகழ்ச்சியையும் முன்னதாகவே தட்டில் பதிந்து, மற்ற நகரங்களின் நிலையங்களுக்கு அனுப்பிவைத்தனர். இவ்வாறு கம்பியின்றி உருவான நிலையத் தொடரைச் ‘சங்கிலியற்ற சங்கிலி’ என்று அழைத்தனர். அடுத்த ஆண்டே, 1929-இல், என்.பி.சி. இத்தொடரை விலைகொடுத்துத் தன்னிடம் சேர்த்துக்கொண்டது. வெள்ளையர் இருவர் கறுப்பின மக்களின் பேச்சைப் பகடியாக்கி நாடு முழுவதும் பரப்பிய நிகழ்ச்சி இது என்பதையும், 1931-இல் ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ என்னும் கறுப்பினத்தாரின் இதழ் இதற்கெதிராக மாபெரும் கையொப்ப இயக்கம் நடத்தியது என்பதையும் இங்கே சொல்லாமல் விடலாகாது. ஒரு கேலி ஓர் ஊரில் சொல்லப்படுவதற்கும் அதே கேலி ஒவ்வோர் ஊரிலும் அதே நாளில் ஒலிப்பதற்கும் வேறுபாடு உண்டு.

1930-களில் இம்முறை ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 16 அங்குல விட்டமுள்ள பெரிய தட்டுகள், நிமிடத்துக்கு 33 1/3 சுற்று வேகத்தில், ஒரு பக்கத்துக்கு 15 நிமிடம் ஓடின. இவை வீட்டு கிராமபோனுக்கு உரியவை அல்ல, நிலையங்களுக்கென்றே அச்சிடப்பட்டவை. இத்தொழிலில் பெயர் பெற்றவர் சின்சினாட்டி நகரத்து ஃப்ரெடரிக் ஜிவ். அவர் விளம்பர முகவராக இருந்தவர். பெரிய சோப்பு நிறுவனமோ சிகரெட் நிறுவனமோதான் நெட்வொர்க் நிகழ்ச்சிக்குச் செலவு செய்ய இயலும் என்ற நிலையில், உள்ளூர் ரொட்டிக் கடைக்காரரும் அத்தகைய நிகழ்ச்சியின் உபயதாரராக விளங்கலாமே என்று அவர் எண்ணினார். நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் இடையிலும் முடிவிலும் வெற்றிடம் விட்டுத் தட்டைப் பதிவு செய்வர். அவ்வெற்றிடத்தில் உள்ளூர் அறிவிப்பாளர் உள்ளூர்க் கடையின் பெயரை வாசிப்பார். கேட்போருக்கு அந்நிகழ்ச்சி தம் ஊர்க் கடைக்காரர் தமக்கென்றே நடத்துவதாகத் தோன்றும். விலையும் ஊருக்கு ஊர் வேறு. பெருநகருக்கு ஒரு தொகை, சிற்றூருக்கு மிகச் சிறு தொகை. பொருள் ஒன்றே, ஆயினும் வாங்குபவனின் சந்தையைப் பொறுத்து விலை. சிண்டிகேஷனின் கணக்கு இன்றளவும் இந்த அடிப்படையில்தான் நிற்கிறது.

இனித் திருச்சபைகளின் பக்கம் திரும்புவோம்.

1921 ஜனவரி 2-ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரத்துக் கல்வாரி எப்பிஸ்கோப்பல் ஆலயத்தின் ஆராதனையைக் கே.டி.கே.ஏ. நிலையம் ஒலிபரப்பியது. வானொலியில் முதன்முதலாக ஒலித்த ஆலய ஆராதனையாக அது பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. அதன்பின் சபைகள் பலவும், சில இறையியல் கல்லூரிகளும்கூட, சொந்த நிலையங்களைத் தொடங்கின. புனித லூயி நகரத்துக் கன்கார்டியா லுத்தரன் இறையியல் கல்லூரி 1924-இல் கே.எஃப்.யூ.ஓ. நிலையத்தைத் தன் வளாகத்திலேயே நிறுவியது. ஆனால் 1927-இல் அமைந்த கூட்டாட்சி வானொலி ஆணையம் அலைவரிசைகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கியபின், ஒரு குறிப்பிட்ட கொள்கையின் குரலாக மட்டும் விளங்கிய நிலையங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. அலைவரிசை பொதுமக்களுடையது, அதைப் பயன்படுத்த உரிமம் பெறுபவர் பொதுநலனுக்கு உழைக்க வேண்டும் என்பதே சட்டத்தின் கருத்து. அப்பொதுநலனின் ஒரு பகுதியாகச் சமய நிகழ்ச்சிகளுக்கு நேரம் ஒதுக்குவதை நிலையங்கள் வழக்கமாக்கிக்கொண்டன.

என்.பி.சி. 1928-இல் தன் கொள்கையை வகுத்தது. சமய நிகழ்ச்சிக்கு நேரம் விற்கப்படமாட்டாது, இலவசமாக அளிக்கப்படும். ஆனால் தனிப்பட்ட பிரசங்கியாருக்கு அன்று. பெரிய சமயப் பிரிவுகளின் மைய அமைப்புகளுக்கு மட்டுமே. புரொட்டஸ்தாந்து திருச்சபைகளுக்கு அமைந்த வாசல் சபைகளின் கூட்டாட்சிப் பேரவை. எஸ். பார்க்ஸ் கேட்மன், ஹாரி எமர்சன் ஃபாஸ்டிக் முதலியோர் இவ்வாறே நாடறிந்த வானொலிப் பிரசங்கியார் ஆயினர். ஃபாஸ்டிக்கின் ‘தேசிய மாலை ஆராதனை’ நிகழ்ச்சி 1946 வரை நடந்தது. நேரத்துக்கு அவர் பணம் கொடுக்கவில்லை, கேட்போரிடம் கேட்கவுமில்லை. 1931-இல் சி.பி.எஸ். நிறுவனமும் நேரம் விற்பதை நிறுத்தி, ‘வானலைத் திருச்சபை’ என்னும் இலவச நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதற்கு உடனடிக் காரணம், கத்தோலிக்கக் குரு சார்ல்ஸ் காக்லின் விலைக்கு வாங்கிய நேரத்தில் அரசியல் பேசி எழுப்பிய பூசல். அவர் பின்னர்த் தாமே கம்பிகளை வாடகைக்கு எடுத்து நிலையங்களை இணைத்துக்கொண்டார். 1930-களின் இறுதியில் யூதர் மீதான வெறுப்பைப் பரப்புபவராகவும் ஆனார்.

இலவச நேர முறையில் உண்மையான சிறப்பு இருந்தது என்பதை மறுக்க இயலாது. பிரசங்கியார் கேட்போரின் பணத்தை நோக்கிப் பேச வேண்டியதில்லை. கடினமான பொருளைப் பேசலாம். ஆனால் அம்முறைக்குள் ஒரு குறை மறைந்து கிடந்தது. அக்காலத்துப் பேரவைத் தலைவர்கள் அதைக் கண்டதாகத் தெரியவில்லை. அந்த நேரம் திருச்சபையின் உரிமை அன்று. அது நெட்வொர்க்கின் நன்கொடை. பேரவையில் சேராத சபைகளுக்கு அவ்வாசல் திறக்கவுமில்லை. பழமைப் பற்றுடைய சுவிசேஷ சபைகளும் மிசூரி சினட் லுத்தரன் சபையும் வெளியே நின்றன. வெளியே நின்றவர்கள் வேறு வழி தேடினர்.

அவர்களுள் ஒருவர் நம்மைப் போன்ற ஒரு கல்லூரி ஆசிரியர். கன்கார்டியாவில் பழைய ஏற்பாடு கற்பித்த வால்டர் மேயர், 1930 அக்டோபர் 2-ஆம் நாள் சி.பி.எஸ்.-இல் விலைக்கு வாங்கிய நேரத்தில் ‘லுத்தரன் மணி’ நிகழ்ச்சியைத் தொடங்கினார். செலவை ஏற்றது லுத்தரன் சபை மக்களின் சங்கம். ஓராண்டுக்குள் அது நின்றது. 1934-இல் மியூச்சுவல் என்னும் புதிய நெட்வொர்க் தோன்றி, பிற நெட்வொர்க்குகள் விற்காத நேரத்தை விற்கத் தொடங்கிய பின்னரே, 1935-இல் அது மீண்டும் ஒலித்தது. மற்றவர் கலிபோர்னியாவின் சார்ல்ஸ் ஃபுல்லர். ஆரஞ்சுப் பழ வாணிபத்தில் ஈடுபட்டிருந்து பின் ஊழியத்துக்கு வந்தவர் அவர். அழுகக்கூடிய பழத்தைப் பெட்டியில் அடைத்துத் தொலைதூரச் சந்தைக்கு அனுப்பிய அனுபவம் வானொலிக்கும் உதவியிருக்கும் என்று நாம் எண்ணுவது தவறாகாது. அவருடைய ‘பழங்கால எழுப்புதல் மணி’ 1937 முதல் மியூச்சுவல் வழியே நாடு முழுவதும் கேட்டது. அவர் மனைவி கிரேஸ் அம்மையார் கேட்போரின் கடிதங்களை ஒலிவாங்கியின் முன் வாசிப்பார். கடிதங்களோடு காணிக்கையும் வந்தது. அக்காணிக்கையே அடுத்த வார நேரத்துக்கு விலை.

1944-இல் மியூச்சுவல் நெட்வொர்க் திடீரென்று நிபந்தனைகள் விதித்தது. விலைக்கு வாங்கும் சமய நிகழ்ச்சி ஞாயிறு முற்பகலில் மட்டுமே இடம்பெறலாம், அரைமணிக்கு மேற்படலாகாது, காணிக்கை கேட்கலாகாது. கேட்போரின் காணிக்கையையே நம்பியிருந்த ஊழியங்களுக்கு இது மூச்சை நிறுத்தும் செய்தி. தேசிய சமய ஒலிபரப்பாளர் சங்கம் அதே ஆண்டில் தோன்றியது இதன் எதிரொலியே. ஃபுல்லர் என்ன செய்தார்? மியூச்சுவலை விட்டு நீங்கி, தனி நிலையங்களோடு நேரடியாக ஒப்பந்தம் செய்து, தம் நிகழ்ச்சியைத் தட்டுகளில் பதிந்து தபாலில் அனுப்பினார். ‘ஏமஸ் அண்டு ஆண்டி’ காட்டிய அதே வழி. ஜிவ் கடைக்காரர்களுக்கு விற்ற அதே தட்டு. மதகு அடைபட்டபோது குடம் உதவியது. 1947-இல் பாசடீனாவில் நிறுவப்பட்ட ஃபுல்லர் இறையியல் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் நூல்களை நம் நூலகங்களில் எடுத்து வாசிக்கும் மாணவர், அக்கல்லூரியின் பின்னணியில் ஒலித்தட்டு ஒன்று சுழல்வதை அறிவது நன்று.

தொலைக்காட்சி வந்தபோது தட்டின் இடத்தைத் திரைப்படச் சுருள் பிடித்தது. 1951-இல் சி.பி.எஸ்.-இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ தொடரை அதன் நடிகர்களான டெசி ஆர்னஸ், லூசில் பால் தம்பதியர் நேரடியாக ஒளிபரப்பாமல் 35 மி.மீ. படச்சுருளில் எடுத்தனர், சுருளின் உரிமையையும் தம்மிடமே வைத்துக்கொண்டனர். ஒருமுறை காட்டி முடித்த நிகழ்ச்சி மறுமுறையும் விலை போகும் என்பது அப்போது பலருக்கும் தோன்றாத ஒன்று. ஜிவ் அதனினும் முன்னே நின்றார். வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வீடுகளில் இல்லாத காலத்திலேயே ‘சிஸ்கோ கிட்’ தொடரை வண்ணச் சுருளில் எடுத்துவைத்தார், பிற்காலத்தில் விற்பதற்காக. 1956-இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் ஒளிநாடாவை அறிமுகப்படுத்தியபின் பதிவுச் செலவும் குறைந்தது. நாடாப் பிரதிகளைச் சில எண்ணிக்கையில் மட்டும் எடுத்து, ஒரு நிலையம் ஒளிபரப்பியதும் அடுத்த நிலையத்துக்கு அஞ்சலில் அனுப்பிவைக்கும் வழக்கமும் இருந்தது. ஆகவே ஓர் ஊரில் இவ்வாரம் வரும் நிகழ்ச்சி மற்றோர் ஊரில் மூன்று வாரம் கழித்து வரலாம். செயற்கைக்கோள் வழி அனுப்பும் வசதி 1970-களின் பிற்பகுதியிலும் 1980-களிலும் பரவியபின் இத்தாமதம் மறைந்தது.

இத்தொழிலின் உள்கணக்கையும் சுருக்கமாகக் கூறிவிடுவோம். நெட்வொர்க்கில் ஓடி முடித்த தொடரை நிலையங்கள் மறு ஒளிபரப்புக்கு வாங்குவது ஒரு வகை. இதற்கு ஏறக்குறைய நூறு பகுதிகள் தேவை என்பர். திங்கள் முதல் வெள்ளி வரை நாள்தோறும் ஒன்றாக ஒளிபரப்ப, நூறு பகுதிகள் இருபது வாரத்துக்கு வரும். ஆயினும் 1966 முதல் 1969 வரை என்.பி.சி.-இல் ஓடி, 79 பகுதிகளோடு நின்றுபோன ‘ஸ்டார் டிரெக்’, இம்மறு ஒளிபரப்பிலேதான் பெரும் புகழ் பெற்றது. மற்றொரு வகை, நெட்வொர்க்கைத் தொடாமல் நேரே நிலையங்களுக்கென்று தயாரிக்கப்படுவது. விலை செலுத்தும் வழிகளும் இரண்டு. நிலையம் ரொக்கம் கொடுப்பது ஒன்று. நிகழ்ச்சியை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ பெற்று, அதனுள் உள்ள விளம்பர நிமிடங்களில் ஒரு பங்கை விநியோகஸ்தருக்கு விட்டுக்கொடுப்பது மற்றொன்று. இரண்டாவது பண்டமாற்று முறை. 1971-இல் ஏ.பி.சி. நிறுவனம் முதியோர் விரும்பிய லாரன்ஸ் வெல்க்கின் இசை நிகழ்ச்சியைக் கைவிட்டபோது, அவர் பண்டமாற்று முறையில் தனி நிலையங்களைச் சேர்த்துக்கொண்டு 1982 வரை நடத்தினார்.

அதே 1971-இல் அரசின் விதியொன்றும் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் முதல் ஐம்பது பெரிய சந்தைகளில், மாலை முதன்மை நேரத்தின் நான்கு மணிகளுள் மூன்றுக்கு மேல் நெட்வொர்க் நிகழ்ச்சி இடம்பெறலாகாது என்பது அது. எஞ்சிய நேரத்தில் உள்ளூர் நிகழ்ச்சிகளும் புதிய தயாரிப்பாளர்களும் வாய்ப்புப் பெறுவர் என்று ஆணையம் நம்பியது. நிலையங்களோ அந்நேரத்தை மலிவான வினாடி வினா விளையாட்டுகளால் நிரப்பின. 1983 முதல் மாலை நேரத்தில் ஊரெங்கும் பரவிய ‘வீல் ஆஃப் ஃபார்ச்சூன்’ இவ்விதியின் குழந்தை எனலாம். கதவைத் திறப்பவன் உள்ளே வருபவனைத் தேர்ந்தெடுக்க இயலாது போலும். அவ்விதி 1996-இல் நீக்கப்பட்டது.

தொலைக்காட்சியின் தொடக்கக் காலத்தில் திருச்சபைகள் சிண்டிகேஷனில் வெற்றி பெறாமல் இல்லை. மிசூரி சினட் லுத்தரன் சபை 1952-இல் தொடங்கிய ‘இதுவே வாழ்வு’ என்னும் நாடகத் தொடரில், குடும்பங்களின் சிக்கல்கள் கதையாயின. பிரசங்க மேடை இல்லை. ஐக்கிய லுத்தரன் சபை 1961-இல் ‘டேவி அண்டு கலியாத்’ என்னும் பொம்மைப்படத் தொடரைச் சிறுவருக்காக அளித்தது. ஒரு சிறுவனும் பேசும் நாயும் அதன் பாத்திரங்கள். இச்சுருள்களைச் சபைகள் தம் செலவில் தயாரித்து நிலையங்களுக்கு விலையின்றிக் கொடுத்தன. நிலையங்கள் நேரத்தை விலையின்றிக் கொடுத்தன. இருபுறமும் பணம் கைமாறவில்லை. இது நடைபெற்றதற்குக் காரணம், நிலையங்கள் தம் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது தாம் பொதுநலனுக்கு விளம்பர வருமானமின்றி அளித்த நேரத்தைக் கணக்குக் காட்ட வேண்டியிருந்ததுதான். கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 1946-இல் வெளியிட்ட நீல நிற அட்டையுள்ள அறிக்கை, இவ்விலவச நேரத்தின் இன்றியமையாமையை வலியுறுத்தியிருந்தது.

1960-இல் அதே ஆணையம் வேறு விதமாக எழுதியது. நிகழ்ச்சி இலவச நேரத்தில் ஒளிபரப்பானதா, விலைக்கு விற்ற நேரத்தில் ஒளிபரப்பானதா என்று வேறுபடுத்துவதற்குப் பொதுநல அடிப்படையில் காரணம் இல்லை என்பதே அக்கொள்கை அறிக்கையின் சாரம். சில வரிகளே, ஆனால் நிலைய மேலாளர்கள் அவற்றின் பொருளை உடனே புரிந்துகொண்டனர். விற்ற நேரத்தில் வரும் சமய நிகழ்ச்சியும் பொதுநலக் கணக்கில் சேருமென்றால், அதே அரைமணியை எதற்காக இலவசமாகக் கொடுக்க வேண்டும்? ஞாயிறு காலையில் ‘டேவி அண்டு கலியாத்’ வந்த இடத்தைப் பணம் கொடுக்கும் பிரசங்கியாருக்கு விற்றால் வருமானமும் வரும், கணக்கும் நேராகும். இதற்கு மற்றொரு காரணமும் துணை நின்றது. 1964 முதல் எல்லாத் தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் யூ.எச்.எஃப். அலைவரிசை கட்டாயமாக்கப்பட்டதால், புதிய சிறு நிலையங்கள் பல தோன்றின. அவற்றுக்குப் பணம் தேவைப்பட்டது. ஓரல் ராபர்ட்ஸ், ரெக்ஸ் ஹம்பர்ட், ஜெர்ரி ஃபால்வெல் முதலியோரின் நாடாக்கள் அங்கே சென்றன. 1959-இல் சமய நிகழ்ச்சிகளுள் 53 விழுக்காடு விலைக்கு வாங்கிய நேரத்தில் வந்தவை. 1977-இல் அது 92 விழுக்காடு.

இவ்வெண்கள் நம் சிந்தனைக்கு உரியவை. தேசியத் திருச்சபைப் பேரவையைச் சார்ந்தோர் இம்மாற்றத்தைப் பின்னர்க் குறைகூறியபோது, பெரும்பாலும் தொலைக்காட்சிப் பிரசங்கியாரின் பேராசையையே சுட்டினர். அதில் உண்மை இல்லாமலில்லை. 1987, 1988 ஆண்டுகளில் வெளியான ஊழல்கள் அதை உலகறியச் செய்தன. ஆயினும் பேரவையின் சபைகள் முப்பது ஆண்டுகள் வாடகையின்றி ஒரு வீட்டில் குடியிருந்துவிட்டு, வீட்டுக்காரன் வெளியேறச் சொன்னபோது அவ்வீடு தமதென்று நினைத்திருந்ததை அப்போதுதான் உணர்ந்தன. வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களோ அதே முப்பது ஆண்டுகளில் தட்டு, சுருள், நாடா, நிலைய ஒப்பந்தம், கடிதக் கணக்கு ஆகிய அனைத்தையும் கற்றுத் தேர்ந்திருந்தனர். அவர்களை அக்கல்விக்குத் தள்ளியது பேரவையே பெற்றுக் காத்துவந்த அவ்வாசல்தான்.

இவ்வாறு கூறுவதால் விலைக்கு வாங்கிய நேரத்தை நாம் ஆதரிக்கிறோம் என்று கொள்ளலாகாது. அதன் கணக்கைச் சற்று அருகிலிருந்து நோக்க வேண்டும். பிரசங்கியார், ‘கடிதம் எழுதும்போது எந்த நிலையத்தில் கேட்டீர்கள் என்று குறிப்பிடுங்கள்’ என்பார். அது அன்பின் விசாரணை அன்று. ஓர் ஊரிலிருந்து வரும் காணிக்கை அவ்வூர் நிலையத்தின் கட்டணத்துக்கு ஈடாகிறதா என்று பார்த்து, ஈடாகாத ஊரைக் கைவிடுவதற்கான ஏற்பாடு. ஏழைகள் மிகுந்த ஊர் இக்கணக்கில் தாக்குப்பிடிக்காது. மேலும், நாடா மூன்று வாரம் பயணம் செய்வதால் பிரசங்கத்தில் அவ்வாரத்துச் செய்தி இருக்கலாகாது. இருநூறு ஊர்களில் ஒலிக்க வேண்டியதால் எவ்வூரின் பெயரும் இருக்கலாகாது. ஓர் ஊர் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தாலும் வேறோர் ஊரில் வெள்ளம் வந்தாலும் நாடாவுக்குத் தெரியாது. நாளும் இடமும் இல்லாத திருவசனமாக அது ஆகிவிடுகிறது. ஆமோஸ் தீர்க்கதரிசியின் நூலிலிருந்து பெத்தேல், கில்கால், சமாரியா என்னும் ஊர்ப்பெயர்களை நீக்கிவிட்டால் எஞ்சுவது என்ன என்று மாணவர் எண்ணிப்பார்க்கலாம். தொழில்முறையில் சிறந்த சிண்டிகேஷன் நிகழ்ச்சி என்பது எங்கும் எப்போதும் விலை போவது. நெட்வொர்க் அளித்த இலவச நேரத்துக்கும் இக்குறை முற்றிலும் இல்லை என்று சொல்லமாட்டோம். எவரையும் புண்படுத்தாத பொதுப் பேச்சையே அதுவும் விரும்பியது.

கேட்போர் தொகை பற்றியும் ஒரு சொல். கோடிக்கணக்கானோர் தம்மைக் காண்பதாகப் பிரசங்கியார் சிலர் கூறிவந்தனர். 1981-இல் ஜெஃப்ரி ஹேடன், சார்ல்ஸ் ஸ்வான் என்னும் இருவர், ஆர்பிட்ரான் நிறுவனத்தின் கணக்கெடுப்பைக் கொண்டு, சிண்டிகேஷன் முறையில் வந்த சமய நிகழ்ச்சிகள் அனைத்தையும் சேர்த்தே சுமார் 2 கோடிப் பேர்தான் பார்க்கின்றனர் என்று காட்டினர். அது சிறிய தொகை அன்று. ஆனால் பறைசாற்றப்பட்டதும் அன்று.

இம்முறை நம் பக்கத்தை எட்டியதும் பழைய செய்தியே. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950-களில் நேரத்தை விற்றது. பம்பாயில் பதிவான இந்திப் பாடல் நிகழ்ச்சி விமானத்தில் கொழும்புக்குச் சென்று அங்கிருந்து இந்தியா முழுவதும் ஒலித்ததைப் போலவே, சுவிசேஷ நிகழ்ச்சிகளும் பதிவுநாடாக்களாக அங்கே சென்றன. சீஷெல்ஸ் தீவிலிருந்து ஃபீபா வானொலி 1970 முதல் 2003 வரையிலும், இலங்கையிலிருந்து டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோ 1978 முதலும் சிற்றலை, மத்திய அலைகளில் நம் மொழிகளில் பேசின. ஆகாசவாணி சமயப் பிரசங்கத்துக்கு நேரம் விற்றதில்லை. 1990-களில் தனியார் தொலைக்காட்சிகள் வந்தபின்னரே, விடியற்கால அரைமணிகள் நம் மாநிலத்தில் விலைப்பொருள் ஆயின. அமெரிக்காவில் முப்பது ஆண்டுகள் நிலவிய இலவச நேரம் என்னும் இடைக்காலம் நமக்கு வாய்க்கவேயில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் திருமண்டலத்தின் தொடர்புக் குழுவுக்கு ஒரு தனியார் நிலையத்திலிருந்து விலைப்பட்டியல் ஒன்று வந்தது. காலை ஐந்தரை முதல் ஏழு வரை, அரைமணி அரைமணியாக, ஞாயிறுக்கு ஒரு விலை, வார நாளுக்கு ஒரு விலை. பதின்மூன்று வாரத்துக்கு முன்பணம். குழுவில் இருந்த மூத்த ஆயர் ஒருவர், ‘இப்பணத்தில் இரண்டு கிராம சபைகளுக்கு ஓராண்டு உபதேசியார் சம்பளம் கொடுக்கலாமே’ என்றார். இளைய ஆயர் ஒருவர், ‘ஐயா, அந்த இரண்டு கிராமத்திலும் காலை ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் வேறொருவர் பேசிக்கொண்டிருக்கிறாரே’ என்றார். இருவர் கூறியதும் உண்மை. நேரத்தை வாங்கினால் அதில் என்ன பேசுவது, எந்த ஊரின் பெயரைச் சொல்லிப் பேசுவது என்று நாம் கேட்டோம். அன்று மணி ஒன்றாகிவிட்டதால், அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று ஜெபித்துக் கலைந்தோம். அப்பட்டியல் இன்னும் நம் கோப்பில் இருக்கிறது. அந்த அரைமணியை வேறொரு ஊழியம் வாங்கிக்கொண்டது.